அக்கா தட்டாமல் கிளம்பிய ரயில்

ரயில் நகர்ந்துவிட்டது. நான் உள்ளே இருக்கிறேன். அக்கா வெளியே நிற்கிறாள்.

அவளுடைய பை என் மடியில். மதுரை ஆஸ்பத்திரிச் சீட்டு என் சட்டைப் பையில். அவளுக்காக நான் பிடித்து வைத்திருந்த ஜன்னலோர இடத்தில் என் துண்டு மட்டும் கிடந்தது.

ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை வெளியே விட்டு, பெட்டியின் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். நிற்கவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. “ஆள் ஏறலைப்பா! நிறுத்து! ஆள் ஏறலை!” என்று கத்தினேன்.

எதிரே உட்கார்ந்திருந்த காலேஜ் பிள்ளை காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தது. “தட்டுனா நிக்காதுங்கய்யா. மேல சங்கிலி இருக்கு பாருங்க” என்றது.

சங்கிலியா? ஜீப்பில் ஏது சங்கிலி? நான் அண்ணாந்து தேடி அதைக் கண்டுபிடிப்பதற்குள் பிளாட்பாரம் முடிந்து, வீடுகள் முடிந்து, தென்னந்தோப்பு வந்துவிட்டது. முப்பது வருஷம் ஜீப்பு ஓட்டியவன், ஓடுகிற வண்டியை நிறுத்தத் தெரியாமல் தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு தட்டு, இரண்டு தட்டு

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். இன்றைக்குத்தான் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: போடியிலிருந்து போடிமெட்டு வழியாக, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப் போன ஜீப்பு டிரைவர் நான். முழங்கால் போன பிறகுதான் பேனாவைப் பிடித்தேன். பிழை திருத்துகிற புண்ணியம் ஆசிரியருக்கு.

எங்கள் ஜீப்புக்கு நேரம் கிடையாது. ஆள் கணக்குத்தான். விடியுமுன் தெருத்தெருவாகப் போய் ஹாரன் அடிப்பேன். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டையும் தலையில் துண்டும் கையில் தூக்குச் சட்டியுமாகப் பெண்கள் வந்து ஏறுவார்கள். ஒருத்தி வரவில்லையென்றால் அவள் வாசலிலேயே வண்டி நிற்கும். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வருவாள், அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவளை விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சே இல்லை.

தலை எண்ணுவது என் அக்கா பேச்சியம்மாளின் சோலி. என்னைவிட ஆறு வயது மூத்தவள், சிலமலையில் வாக்கப்பட்டவள். கடைசி ஆளாக ஏறிப் பின்படியில் உட்காருவாள். எண்ணி முடித்துவிட்டு, “மதி” என்பாள். போதும் என்பதற்கு மலையாளத்தில் மதி. மலையில் வேலை பார்க்கிற எங்கள் சனத்தின் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். பிறகு ஜீப்பின் தகரத்தில் இரண்டு தட்டு. இரண்டு தட்டினால் போ. ஒரு தட்டு என்றால் நில்.

அந்தத் தட்டுக் கேட்காமல் நான் கியர் போட்டதே கிடையாது. மழை ஊற்றட்டும், சூப்பர்வைசர் போனில் கத்தட்டும், அக்கா கை தகரத்தில் படாமல் வண்டி நகராது. தம்பிக்குப் பெண்டாட்டியைவிட அக்காவிடம்தான் பயம் என்று ஜீப்பு ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். உண்மைதான், என்ன செய்ய?

இந்த வழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் வண்டி ஓட்ட வருவதற்கு முன்னால், அக்கா மலைக்குப் போகத் தொடங்கிய புதிதில், வேறு ஒரு டிரைவர் ஆளை எண்ணாமல் எடுத்துவிட்டார். கடைசி வரிசைச் செடியில் காய் எடுத்துக்கொண்டிருந்தவள் மேலே ஏறி வந்து பார்த்தால் ரோட்டில் ஜீப்பு இல்லை. மூடுபனி. கைநீட்டினால் விரல் தெரியாது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, ரோட்டோரத்துக் கல்லைக் காலால் தடவித் தடவியே செக்போஸ்ட் வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள். “ஆனை வந்திருந்தாக்கூட பயந்திருக்க மாட்டேன் அப்பு. என்னைய விட்டுட்டுப் போனது யாருக்குமே தெரியலையேன்னுதான் அழுதேன்” என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

மறுநாளிலிருந்து எண்ணுவதைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அப்படிப்பட்டவளைத்தான் நான் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

மேலிருந்து பார்த்த ரயில்

ஸ்டேஷன் பக்கத்துப் போடியை ரயில்தான் பெற்றெடுத்தது என்று நான் சொல்வேன். ஊர் என்னவோ அதற்கும் முந்தியது. ஆனால் ஏலக்காய்க் குடோன்கள், பஞ்சு மெத்தைக் கடைகள், லாட்ஜ், விடிகாலையில் திறக்கிற டீக்கடைகள் எல்லாம் தண்டவாளத்தைப் பார்த்து வந்து குடியேறியவைதான். மலையிலிருந்து இறங்கும் மூட்டை அங்கேதான் வந்து சேரும்.

யுத்த காலத்தில் இந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிறகு கொண்டுவந்து போட்டார்கள். என் காலத்தில் அகலப் பாதையாக்கப் போகிறோம் என்று மறுபடி பெயர்த்தார்கள். அப்புறம் வருஷக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை. பிளாட்பாரத்தில் மிளகு காயப்போட்டார்கள். இலவங்காய் உடைத்தார்கள். ரயில் போன வழியில் முள் முளைத்தது. ரயிலே பார்க்காத பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் விளையாடி, மீசை முளைத்து, கல்யாணமும் கட்டிக்கொண்டார்கள். அப்போதும் டவுன் பஸ்சு கண்டக்டர் “ஸ்டேசன் எறங்கு!” என்றுதான் குரல் கொடுப்பார்.

நாங்கள் ஜீப்புக்காரர்கள் இதில் வருத்தப்படவில்லை. ரயில் எங்கள் மலை ஏறாது. அது வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று இருந்தோம். நானே ஸ்டாண்டில் நின்றுகொண்டு ரயிலை மட்டமாகப் பேசியிருக்கிறேன்.

அக்கா அப்படியில்லை. மலை ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவில் போடி பள்ளத்தாக்கு மொத்தமும் கீழே விரிந்து கிடக்கும். பழைய ரயில் ஓடிய நாளில் சாயந்திரம் இறங்கும்போது அங்கே வந்ததும் ஒரு தட்டுத் தட்டுவாள். நிறுத்துவேன். கீழே பச்சைக்கு நடுவில் ஒரு ரயில்பூச்சி ஊர்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் தொட்டால் சுருண்டுகொள்ளுமே, அந்தப் பூச்சி அளவுதான். அது புள்ளியாகும் வரை பார்த்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டுவாள்.

நாற்பது வருஷம் மலைக்குப் போய் வந்தவள், ரயிலைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. விடியுமுன் ஏறினால் அந்தி சாய்ந்துதான் இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவுமே சரியாகப் போகும். ரயிலும் நின்று போயிற்று. நின்ற பிறகும் அந்த வளைவில் சில நாள் ஒரு தட்டுத் தட்டுவாள். ஒன்றும் இல்லாத பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, “சும்மாதான் அப்பு, போ” என்பாள்.

பஸ்சின் மேல் பழி

அக்காவுக்கு இடது கண் கிடையாது. ஏலத்தட்டையின் முனை குத்தியது. ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று பச்சிலையைப் பிழிந்து விட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். ரெண்டு நாள் பத்து நாளானது. கண் முழுக்க வெள்ளை படர்ந்த பிறகுதான் மதுரைக்குப் பஸ்சு ஏறினாள். அன்றைக்கென்று மழை. உசிலம்பட்டி தாண்டி மரம் விழுந்து பஸ்சு வெகுநேரம் நின்றுவிட்டது. கண்ணை எடுத்துவிட்டு வந்தவள், “பஸ்சுல போயி ஒரு கண்ணத் தொலைச்சேன். இனி செத்தாலும் மதுரைக்குப் பஸ்சு ஏற மாட்டேன்” என்றாள்.

பஸ்சின் மேல் தப்பில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

இருந்த ஒரு கண்ணிலும் இப்போது புரை. அடுப்பில் பால் பொங்குவது தெரியவில்லை. பேரன் பேத்தியைக் குரலை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள். “இதுக்கு மேல தள்ளாதீங்கம்மா, இருக்கிறது ஒரு கண்ணு” என்று கண் முகாமுக்கு வந்த டாக்டர், மதுரையில் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துக் கொடுத்தார். போகவில்லை. இன்னொரு தேதி. அதற்கும் போகவில்லை. “ரயில் வரட்டும், அதுல போறேன். அது எங்க ஓடிப்போகுது?” கண்ணைச் சொன்னாளா ரயிலைச் சொன்னாளா, நான் கேட்கவில்லை.

ரயில் வந்தது. ஊரே ஸ்டேஷனில் திரண்டு நின்ற அந்த நாளில் நானும் போயிருந்தேன். மட்டமாகப் பேசிய வாய் எனக்கு அடைத்துப் போயிற்று. மிளகு காயப்போட்ட இடத்துக்கு ஒரு தெருவே நடந்து வந்து நிற்பது மாதிரி வந்து நின்றது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நானும் கழற்றினேன், எதற்கென்று தெரியாமலே.

ரயில் வந்தும் அக்கா சாக்குச் சொன்னாள். மழை நிற்கட்டும், பேத்தி சடங்கு முடியட்டும், காய் எடுப்பு முடியட்டும். கடைசியில் டாக்டர் மூன்றாவது தேதி குறித்து, “இதையும் விட்டா நான் பொறுப்பில்லை” என்று எழுதியே கொடுத்துவிட்டார். அந்தத் தேதிக்கு முந்தின நாள் சாயந்திரம்தான் நான் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன்.

கைக்குக் கீழே

வழியனுப்ப அவளுடைய செட்டு, அதாவது அந்த ஜீப்பில் சேர்ந்து போகிற பெண்கள், அத்தனை பேரும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். தங்கம் என்கிறவள் மட்டும் இன்னும் வரவில்லை. அவள்தான் துணைக்கு மதுரை வருவதாகப் பேச்சு.

அக்காவை உள்ளே ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அவளால் இருக்க முடியவில்லை. “அப்பு, இதோட மூஞ்சியப் பாக்கணும்டா. தங்கமும் வரட்டும்” என்று எழுந்தாள்.

“போயிட்டு வா. இன்னும் நேரம் இருக்கு” என்றேன்.

எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். எதையும் பார்க்கவில்லை. அக்கா இன்னும் தட்டவில்லையே, பிறகு எப்படி வண்டி எடுப்பார்கள்? என் எலும்புக்குள் ஊறிப்போன கணக்கு அது. செட்டுப் பெண்களுக்கும் அதே கணக்குத்தான். ரயில் நிற்க, பக்கத்தில் நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள்.

அக்கா பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். கண் சரியாகத் தெரியாததால் தடவிக்கொண்டே முன்னால் நடந்தாள். “ஆத்தாடி... எம்புட்டு நீளம்டி!” என்ற அவள் குரல் கேட்டது. “ஒண்ணு... ரெண்டு...” என்று பெட்டிகளையும் எண்ணத் தொடங்கிவிட்டாள். எண்ணாமல் அவளால் இருக்க முடியாது.

செல்ப் அடிக்கிற சத்தமில்லை, கியர் விழுகிற உலுக்கல் இல்லை. முன்னால் தூரத்தில் ஒரு ஊதல் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தேன். ஜன்னலில் முறுக்கு தின்ற பெண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். அவர்கள் ஏன் நடக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அக்கா வந்தாள். ஓடவில்லை, கத்தவில்லை. கையை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து, அப்படியே காற்றில் வைத்தபடி நின்றாள். என் ஜன்னல் அவளைத் தாண்டியது.

அதன் பிறகுதான் நான் தகரத்தைத் தட்டினேன்.

தேனி வரைக்கும் அந்த ரயில் போன வேகமும், தடம் மாறும்போது அது கொஞ்சமும் குலுங்காததும் இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அந்த மூடுபனி ரோடுதான் கண்ணில் நின்றது. விட்டுவிட்டுப் போன அந்த டிரைவரை எத்தனை முறை ஏசியிருப்பேன்! இனி அவள் ரயிலும் ஏற மாட்டாள், பஸ்சும் ஏற மாட்டாள். கண் போய்விடும். அது என்னால்தான் போகும். காலேஜ் பிள்ளை தண்ணீர் பாட்டிலை நீட்டியது. அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

தேனியில்

தேனியில் இறங்கி, பெஞ்சில் பையை வைத்துவிட்டுத் தங்கத்தின் நம்பருக்குப் போன் போட்டேன். “அண்ணே, இப்பத்தான் வந்து சேர்ந்தேன். அக்கா ஒண்ணுமே பேச மாட்டேங்குது. தண்டவாளத்தையே பாத்துக்கிட்டு நிக்குது” என்றாள்.

“குடு.”

அக்கா மூச்சு விடுவது கேட்டது. திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“அப்பு, அது என்னையக் கேக்கவே இல்லடா” என்றாள். கோபமே இல்லை. சாமி ஊர்வலம் பார்த்துவிட்டு வந்த பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. “மாடு நகர்றாப்புல, கைக்குக் கீழ அப்படியே நழுவிப் போயிருச்சு. எம்புட்டுப் பெருசு! அம்புட்டுப் பெருசு, ஒரு சத்தமில்லாம போயிருச்சு.”

“அக்கா, என் தப்புத்தான்...”

“இரு. நான் தட்டுனாத்தான் எல்லாம் போகும்னு நெனச்சுக்கிட்டே இருந்திருக்கேன். ஒரு கண்ணும் இப்படித்தான அப்பு போச்சு? பஸ்சு என்ன செய்யும் பாவம். நாந்தான பத்து நாள் பிந்திப் போனேன்.”

இத்தனை வருஷமாக நாங்கள் யாரும் சொல்லப் பயந்த சொல்லை அவளே சொன்னாள்.

“அங்கயே நில்லு. பஸ்சுல வர்றேன்” என்றாள்.

தங்கத்தோடு வந்துவிட்டாள். தேனி பஸ் ஸ்டாண்டில் நான் கையைப் பிடித்து மதுரை பஸ்சில் ஏற்றினேன். பாதி சீட்டு காலி. கண்டக்டர் கீழே நின்று “மதுரை, மதுரை!” என்று கூவிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“எடுக்கச் சொல்லுப்பா. வெரசா.”

“ஆள் ஏறட்டும் ஆத்தா.”

“ஏறுனவுக போதும். மதி, மதி!” என்று சொல்லி, பஸ்சின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். கண்டக்டர் சிரித்துவிட்டு விசில் கொடுத்தார்.

ஒருத்தி வராததற்காக எத்தனையோ வாசலில் வண்டியை நிறுத்தி வைத்தவள் இவள். அந்த வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டு நானும் தங்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உசிலம்பட்டி தாண்டும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கீழிருந்து பார்த்த மலை

மறுநாள் ஆபரேஷன். அதற்கடுத்த நாள் கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டதற்கு, விரலை விட்டுவிட்டு, “ஒங்க சட்டையில ஒரு பொத்தான் இல்லைங்களே” என்றாள். டாக்டர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

சில நாள் அங்கேயே தங்கிவிட்டு, காலை ரயிலில் திரும்பினோம். கறுப்புக் கண்ணாடியோடு அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இந்த முறை வெகுநேரம் முன்னாலேயே வந்து ஏறிவிட்டோம். தண்ணீர் பிடிக்கக்கூட என்னை இறங்க விடவில்லை.

தேனி தாண்டியதும் ஜன்னலில் மலை வந்தது. முதலில் நீலமாக, பிறகு பச்சையாக. எனக்கு அந்த மலை ஒவ்வொரு வளைவாகத் தெரியும். ஆனால் அதற்கு நேரே இப்படி உட்கார்ந்தபடி போனது கிடையாது. வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு எழுந்து வந்தது. அதன் மேலேயா முப்பது வருஷம் ஏறி இறங்கினேன்? ஓட்டும்போது ரோட்டைத்தான் பார்த்தேன், மலையைப் பார்த்ததே இல்லை.

அக்கா கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு பார்த்தாள். நான் தடுக்கவில்லை.

“அந்தா, நகத்தால கீறுனாப்புல ஒரு கோடு தெரியுது பாரு, அதான நம்ம ரோடு?”

“அதான்.”

“அதுல அந்தா அந்த முக்கு. அங்க நிப்பாட்டித்தான் இதைப் பாப்போம்.” விரலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினாள். எனக்கு அந்த முக்கு தெரியவில்லை. என் கண்ணுக்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும் போல.

“இன்னைக்கு அங்க எவளாச்சும் நின்னு பார்த்தா, நாம பூச்சியாத்தான அப்பு தெரிவோம்?” என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் அந்த முக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளிடம் இப்போது அதை எப்படிச் சொல்வது?

போடி வந்தது. வேகம் குறைந்தது. பிளாட்பாரத்தில் செட்டுப் பெண்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பெயர் சொல்லி எண்ணினாள். குரல் கேட்காமலே சொன்னாள். ஒரு பெயர்கூடத் தப்பவில்லை.

எண்ணி முடித்ததும் ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை வெளியே விட்டாள். பெட்டியின் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு.

ரயில் நின்றது.